பதினெட்டு கிராம் தண்ணீர்

மார்ச் 4, திங்கள்

லேபுக்குள் நுழையும்போதே நாற்றம். யாரோ கழிவறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனது மாதிரி. மூன்று மாதமாக இதே கதைதான். நாத்தனார் தன் பாக்டீரியாவுக்கு யூரியா போடுகிறாள், அது தின்றுவிட்டு அமோனியாவை வெளியே விடுகிறது, நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிறோம். ஜன்னலைத் திறந்தால், "மூடிடுங்க அண்ணி, அதுக்குக் குளிரும்" என்கிறாள். அதற்குக் குளிருமாம். எனக்குத் தலை வலிக்கிறதே, அது பரவாயில்லையாம்.

யாரைச் சொல்லி என்ன? பால் ஆலையை மூடிவிட்டார்கள், வேலை போய்விட்டது என்று இரண்டு பெட்டியோடு அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, "எங்க லேப்ல பாக்டீரியா தெரிஞ்ச ஆள் தேடுறாங்க, ஜூன் வரைக்கும் ஒப்பந்தம், விண்ணப்பம் போட்டுப் பாரு" என்று வலியப் போய்ச் சொன்னது நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஒன்பது வருஷம். இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கினால் அதில் பழைய சிமெண்ட் சாந்து ஒட்டிக்கொண்டே வரும். அந்தச் சாந்து முழுக்க ஓட்டை. தண்ணீரைக் குடித்துத் தொலைக்கும். அப்படிப்பட்ட ஜல்லியில் போடும் கான்கிரீட் உருப்படாது. அந்தச் சாந்தை உரித்தெடுக்கத்தான் ஒன்பது வருஷமாக டிரம்மில் போட்டு உருட்டுகிறேன், நீர்த்த அமிலத்தில் ஊற வைக்கிறேன், கழுவுகிறேன், மறுபடியும் உருட்டுகிறேன். இவள் வந்த மூன்றாவது நாளே கேட்டாள்: "அதை ஏன் அண்ணி உரிக்கணும்? ஓட்டையை அடைச்சா போதாதா?"

எல்லார் முன்னாலும் கேட்டாள். அதுதான்.

மார்ச் 6, புதன்

அவளுடைய குடுவைகளுக்குப் பக்கத்தில் என் டீக் கோப்பையை வைத்தேன் என்று எடுத்து வேறிடத்தில் வைத்தாள். சிரித்துக்கொண்டேதான் வைத்தாள். இருந்தாலும்.

மார்ச் 13, புதன்

மகளுக்குப் பள்ளியில் அறிவியல் செயல்திட்டம். பதின்மூன்று வயது. போன வருஷம் "என்ன பண்ணலாம்மா?" என்று என்னிடம் வந்தாள். நான் ஜல்லி கொண்டுவந்து கொடுத்தேன், "கல்லா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இந்த வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தையும் மருமகளும் சமையலறை மேசையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு கண்ணாடிக் குவளையில் இரண்டு கல். ஒன்றுக்குப் பாக்டீரியா, இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர்.

"அம்மா, இது தானாவே சுண்ணாம்பு செஞ்சு ஓட்டையை அடைக்குமாம். கல்லுக்கு மருந்து போடுற மாதிரி. உனக்குத் தெரியுமா?"

உனக்குத் தெரியுமாவாம்! ஜல்லியைப் பற்றி என் வீட்டில் என்னைப் பார்த்து ஒரு கேள்வி.

"தெரியும்" என்றேன்.

"அப்போ ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?"

போய்க் காயவைத்த துணிகளை மடித்தேன். மகள் கேட்கிற எல்லாவற்றுக்கும் நாத்தனார் வாய் வலிக்காமல் பதில் சொல்கிறாள். நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் மகளுக்கு உடனே வேறு வேலை வந்துவிடும். அது ஏன் அப்படி?

வயிறு எரிகிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்: வயிறு எரிகிறது.

மார்ச் 22, வெள்ளி

லேப் தலைவர் கூப்பிட்டார். "அஞ்சு நிமிஷம் வாங்க" என்றால் ஒரு மணி நேரம் என்று அர்த்தம். எங்கள் லேப் கிடங்குக்காரர் அவருக்கு 'அஞ்சு நிமிஷம்' என்றே பெயர் வைத்துவிட்டார். பட்டப்பெயர் வைக்காமல் அந்த மனுஷன் யாரையும் விடுவதில்லை. நான் 'ஜல்லி மேடம்', அவள் 'பூச்சி மேடம்'.

விஷயம் இதுதான். பழைய பேருந்துப் பணிமனையை இடித்துவிட்டார்கள். அந்த இடிபாட்டை ஜல்லியாக்கி, அதே இடத்தில் நாற்பது மீட்டர் நடைபாதை போட்டுப் பார்க்கப் போகிறோம். எந்த முறையில் தேற்றிய ஜல்லி என்பதைச் சோதனை முடிவு சொல்லும். என் அமில முறையா, அவளுடைய பாக்டீரியா முறையா. தண்ணீர் உறிஞ்சுவது ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டுமே கீழே வந்தால் எது குறைவோ அது.

வெளியே வந்ததும் நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "எனக்கு இது ஜூனைத் தாண்டுமாங்கிற கேள்வி அண்ணி. இது போச்சுன்னா ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டோம்னு தனியா சொல்லிட்டார். மறுபடியும் பெட்டியைத் தூக்கணும்" என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது.

எனக்கென்ன, நிரந்தர வேலைதானே என்று நினைக்கிறாள். ஒன்பது வருஷத்தில் என் ஜல்லி ஒரு கட்டடத்துக்குப் போனதில்லை, ஒரு திண்ணைக்குக்கூடப் போனதில்லை. கனசதுரக் கட்டியாக வார்ப்போம், நசுக்குவோம், தூக்கிப் போடுவோம். மனிதர்கள் கால் வைத்து நடக்கிற இடத்தில் ஒரு முறையாவது என் கல் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்காதா?

ஏப்ரல் 2, செவ்வாய்

என் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்க்கிற கண்ணாடிக் கடைக்காரர். வீட்டில் எதுவும் கண்ணில் படாது. இன்று சாப்பிடும்போது, "என் தங்கச்சி எதைத் தொட்டாலும் அதுல ஒரு உயிர் வந்துடும்" என்றார். பெருமையாம். நான் தொட்டால்?

"நீயும்தான்" என்று சேர்த்துக்கொண்டார், என் முகத்தைப் பார்த்துவிட்டு. அந்த 'நீயும்தான்' இல்லாமலே இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று துடைப்பு.

இந்தச் சோதனையில் யாரும் கற்பனை செய்துகொள்கிற மாதிரி பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. ஜல்லியை ஒரு நாள் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். எடுத்து, துண்டில் போட்டு உருட்டித் துடைக்க வேண்டும். கல்லின் மேல் இருக்கிற ஈரம் போக வேண்டும், உள்ளே குடித்த ஈரம் அப்படியே இருக்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்தி எடை போட வேண்டும். பிறகு ஓவனில் ஒரு நாள் காய்ந்ததும் மறுபடி எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கல் குடித்த தண்ணீர். எங்கே நிறுத்துவது என்பதைக் கண்ணும் கையும்தான் சொல்லும். கல்லின் பளபளப்பு மறைகிற அந்த நொடி. லேபில் அதற்கு என் கைதான். தலைவரே சொல்வார், "ஜல்லி மேடம் துடைச்சா முடிஞ்சது" என்று.

மூன்று மாதிரி. ஒன்று எதுவும் செய்யாத வெறும் ஜல்லி, ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துண்டு. கலந்துவிடாமல் இருக்க ஓரத்தில் நூல் தைத்திருக்கிறோம்: வெறும் ஜல்லிக்கு வெள்ளை, எனக்கு நீலம், அவளுக்குச் சிவப்பு.

அவளுடைய கல்லைக் கொஞ்சம் மெதுவாகத்தான் துடைத்தேன். அழுத்தித் தேய்த்தால் பாக்டீரியா கட்டிய சுண்ணாம்புப் படிவு உதிர்ந்துவிடும். அப்புறம் அண்ணிதான் உரித்துவிட்டாள் என்று பேச்சு வரும். எதற்கு வம்பு? அதனால் மெதுவாக.

நாத்தனார் உள்ளே வரவே இல்லை. வெளியே நடையில் நின்றுகொண்டு நகம் கடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதில்.

ஏப்ரல் 10, புதன்

வெறும் ஜல்லி 6.5. அவளுடையது 5.3. என்னுடையது 4.9.

நான்கு புள்ளி ஒன்பது!

ஏப்ரல் 12, வெள்ளி

தலைவர் எல்லாரையும் கூட்டி அறிவித்தார். நடைபாதைக்கு அமில முறை. கை தட்டினார்கள். கிடங்குக்காரர் எங்கிருந்தோ கேக் வாங்கி வந்தார். "இத்தனை வருஷப் பொறுமைக்குக் கிடைச்சிருக்கு" என்றார் தலைவர்.

நாத்தனார்தான் முதலில் வந்து கையைக் குலுக்கினாள். "உங்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான் அண்ணி" என்றாள். முகத்தில் ஈயாடவில்லை, ஆனாலும் சொன்னாள். எனக்கு அவள் ஒரு வார்த்தை கோணலாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள்.

வயிறு குளிர்ந்ததா என்றால், குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

ஏப்ரல் 13, சனி

மகள் என்னோடு பேசவில்லை. செயல்திட்டக் குவளைகள் இரண்டையும் ஜன்னலோரத்திலிருந்து தன் அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 18, வியாழன்

துண்டுகளைச் சலவைக்குப் போடுவது கிடங்குக்காரர் வேலை. போன வாரத்துத் துண்டுகளை இன்றுதான் மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு நூல் தைத்ததைத் தனியே எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஜல்லி மேடம், இதை நீங்க தொடவே இல்லையா? மடிப்புக்கூடக் கலையலையே. மத்த ரெண்டும் சாம்பலும் மண்ணுமா கிடக்கு, நீல நூல் போட்டது ஓரமே கிழிஞ்சிருக்கு. இதைத் திரும்ப அலமாரியில வச்சிடவா?"

சலவைக் காசு மிச்சம் என்று கேட்கிறார், பாவம். அவர் மனதில் வேறொன்றும் இல்லை.

"இல்ல, துடைச்சேன். துவைக்கப் போடுங்க" என்றேன்.

மடிப்புக்கூடக் கலையவில்லை. இரண்டு கிலோ ஊறிய கல்லைத் துடைத்த துண்டு.

மெதுவாகத் துடைத்தேன் என்று ஒன்பதாம் தேதி எழுதியிருக்கிறேன். இப்போதுதான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நீலத் துண்டு கிழிகிற அளவுக்குத் தேய்த்தேன் என்று எழுதவில்லையே. அது எப்படி எனக்கு ஞாபகமே இல்லை?

படிவு உதிர்ந்துவிடும் என்றுதான்—

படிவு உதிராது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறி, அலசி, கொட்டி, வாளியில் உருண்டு உதிராதது துண்டில் உதிருமா? எனக்குத் தெரியாதா இது? ஒன்பது வருஷமா கல்லோட கிடக்குறேன், தெரியாதா?

ஏப்ரல் 19, வெள்ளி

காலையில் நாத்தனார் வீட்டு மேசையில் தன் நோட்டுப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எங்கே தவறு என்று தேடிக்கொண்டிருந்தாள். பத்து நாளாகத் தேடுகிறாள். யூரியா அதிகமா, சூடு குறைவா, கால்சியம் முன்னாலேயே போட்டுவிட்டோமா. "சனியன்களா, சாப்பிட்டுட்டுச் சும்மா இருந்திருக்கீங்க" என்று குடுவையைப் பார்த்துத் திட்டுகிறாள். சாதாரணமாகப் பூனைக்குட்டியிடம் பேசுவதுபோல அதனோடு பேசுகிறவள்.

"உன் கணக்குப்படி எவ்வளவு வந்திருக்கணும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நாலரைக்குக் கீழ அண்ணி. சின்ன மாதிரியில எல்லாம் அப்படித்தான் வந்துச்சு. ஆனா அது நான் துடைச்சது. எனக்குத் துடைக்கத் தெரியலைன்னு இப்போ புரியுது. நீங்க துடைச்சதுதானே சரி. வேற யாராவது துடைச்சிருந்தா சந்தேகம் வந்திருக்கும், திரும்பப் பாருங்கன்னு சண்டை போட்டிருப்பேன்."

அவளுடைய பழைய பெட்டிகள் இரண்டும் பரணிலிருந்து இறங்கி அறை மூலையில் நிற்கின்றன. வேறு ஊரில் ஒரு குடிநீர் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம்.

போகட்டும் என்றுதானே ஆசைப்பட்டேன்?

ஏப்ரல் 20, சனி

விடுமுறை நாள். கிடங்குக்காரரை வரச் சொன்னேன். மூன்று மூட்டையிலும் மிச்சம் இருந்த ஜல்லியில் இரண்டிரண்டு கிலோ எடுத்து, நான் இல்லாத நேரத்தில், அவர் விருப்பப்படி மூன்று வாளியில் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஒட்டச் சொன்னேன். எந்த எண் எந்தக் கல் என்று ஒரு தாளில் எழுதி அவர் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கல்லை நன்றாக அலசிவிட்டால் நாற்றம் போய்விடும். ஊறிவிட்டால் எல்லாம் ஒரே கருஞ்சாம்பல்தான், காய்ந்தால்தான் அவளுடையதில் வெள்ளை தெரியும்.

"என்ன மேடம், கண்ணாமூச்சி ஆட்டமா?"

"ஆமா. நான்தான் கண்ணைக் கட்டிக்கணும்."

அவர் வாளிகளைத் தேடிப் போனார்.

ஏப்ரல் 22, திங்கள்

யாரும் வருவதற்கு முன்னால் போய்த் துடைத்தேன். மூன்று புதுத் துண்டு, நூல் இல்லாதவை. ஒவ்வொரு கல்லையும் வெளிச்சத்தில் பிடித்துப் பளபளப்பு மறைகிற இடத்தில் நிறுத்தினேன். எது யாருடையது என்று கண்டுபிடிக்க என் கை தவித்தது. உண்மையாகவே தவித்தது. இரண்டாம் எண் என்னுடையது என்று ஒரு நினைப்பு வந்து, உடனே அதை இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைக்கப் போனேன். நானே பார்த்தேன் என் கையை. நிறுத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஓவனிலிருந்து எடுத்து எடை போட்டேன். ஒன்று, 5.2. இரண்டு, 4.4. மூன்று, 6.5.

கிடங்குக்காரர் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். ஒன்று என்னுடையது. இரண்டு அவளுடையது. மூன்று வெறும் ஜல்லி.

என் கல் தேறவே இல்லை. ஐந்தைத் தாண்டிவிட்டது. அமுக்கித் தேய்த்து ஆறு கிராம் தண்ணீரைப் பிதுக்கி எடுத்து 4.9 ஆக்கியிருக்கிறேன். அவளுடைய கல் மேல் பதினெட்டு கிராம் தண்ணீரை விட்டுவைத்து 5.3 ஆக்கியிருக்கிறேன். பதினெட்டு கிராம் என்பது மேசைக்கரண்டியால் ஒரு கரண்டிக்குச் சற்று அதிகம். அவ்வளவு தண்ணீருக்கு ஒருத்தி பெட்டியை இறக்கி வைத்திருக்கிறாள்.

வேண்டுமென்றே செய்தேனா? இதை எழுதித் தீர்க்க வேண்டும். அன்றைக்கு அவளுடைய கல்லைத் துண்டில் போடும்போது 'இவளைக் கவிழ்க்க வேண்டும்' என்று நினைத்தேனா என்றால், இல்லை. நினைக்காமலேயே கை செய்தது. ஆனால் கை யாருடையது? என் கைதானே.

ஏப்ரல் 24, புதன்

தலைவர் அறைக்குப் போனேன். பூசி மெழுகாமல் சொன்னேன். மூன்று மாதிரியையும் நான் ஒரே மாதிரி துடைக்கவில்லை, என்னுடையதை அதிகமாகவும் அவளுடையதைக் குறைவாகவும் துடைத்தேன், எண் ஒட்டித் திரும்பச் செய்ததில் முடிவு இப்படி வந்திருக்கிறது. தாளை மேசையில் வைத்தேன்.

அவர் தாளை எடுத்து இரண்டு முறை படித்தார். "கவனக்குறைவுன்னு எழுதிடலாமா?" என்று கேட்டார். எனக்காகத்தான் கேட்டார். நல்ல மனிதர்.

ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மென்று விழுங்கினேன்.

"கவனம் இல்லாம இல்ல சார். கவனம் எல்லாம் என் கல்லு மேலதான் இருந்துச்சு."

இனிமேல் எல்லாத் துடைப்புக்கும் எண் ஒட்டித்தான் வரும், கிடங்குக்காரர் கையெழுத்துப் போடுவார் என்று முடிவாயிற்று. என் கோப்பில் ஒரு குறிப்பு ஏறும். நடைபாதைக்குப் பாக்டீரியா முறை. ஐந்து நிமிஷம் என்று கூப்பிட்டவர் இன்றைக்கு உண்மையாகவே ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்.

அவளிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 24, அதே நாள், மாலை

சொல்லிவிட்டேன். குடுவைகள் இருக்கிற அறையில், நாற்றத்தின் நடுவே நின்றுகொண்டு.

முதலில் புரியவில்லை அவளுக்கு. "நாலு புள்ளி நாலா? அப்போ சரியாத்தானே வந்திருக்கு!" என்று சிரித்தாள், குடுவை பக்கம் திரும்பினாள். பிறகுதான் மீதி அவள் காதில் ஏறியது. சிரிப்பு அப்படியே நின்றது.

"ரெண்டு வாரமா நான் இதுங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "நீங்க எதிர்லதான் உட்கார்ந்து டீ குடிச்சீங்க."

"எனக்கு அப்போ தெரியாது."

"போன வாரம் தெரிஞ்சுச்சா இல்லையா?"

"தெரிஞ்சுச்சு."

"ஏன் அண்ணி?"

ஏதாவது நியாயம் சொல்லலாம் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. "பொறாமை" என்றேன். அந்த ஒரு வார்த்தையை வாய்விட்டு யாரிடமும் நான் சொன்னதில்லை. நாத்தனாரிடம் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "உங்களை ஒரு ஆளா நினைச்சுத்தான் இந்த வீட்டுக்கே வந்தேன். அண்ணனுக்காக வரலை" என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். அவளே திறந்தாள். பாக்டீரியாவுக்குக் குளிருமே என்று எனக்குத்தான் தோன்றியது.

ஏப்ரல் 26, வெள்ளி

அவரிடமும் மகளிடமும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மகள், "அம்மா, என் செயல்திட்டத்துக்கு நீ எடை போட்டுத் தரேன்னு சொன்னியே, வேண்டாம்" என்றாள். நியாயம்தான். நியாயமாக இருப்பதாலேயே வலிக்கிறது.

மே 5, ஞாயிறு

நாத்தனாரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டுவிட்டது. ஊரை விட்டுப் போகவில்லை, வீட்டை விட்டுப் போகிறாள். லேபிலிருந்து இரண்டு தெரு தள்ளி மாடியில் ஒரு அறை. பெட்டிகளை அவர் தூக்கிக்கொண்டு போனார். வாசல் வரைக்கும் வந்து, "வர்றேன்" என்றாள், என்னைப் பார்த்து அல்ல, நிலைக்கதவைப் பார்த்து.

அவள் இருந்த அறையைப் பெருக்கினேன். கட்டிலுக்கு அடியில் சிவப்பு நூல் கண்டு ஒன்று கிடந்தது. அந்தத் துண்டுகளுக்கு நூல் தைத்ததே அவள்தான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு நீலம் பிடிக்கும் என்று எனக்கு நீலம்.

ஜூன் 11, செவ்வாய்

நடைபாதை போட்டார்கள். நாற்பது மீட்டர். தூரத்தில் நின்று பார்த்தேன். பலகையில் அவள் பெயர் இருக்கிறது. மகள் பள்ளி முடிந்து நேரே அங்கே வந்து அத்தையோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். என்னைக் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டாள். நான் போகவில்லை.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டால் பொறாமை போய்விடும் என்று எண்ணியிருந்தேன். எங்கே போயிற்று? அந்தப் பலகையைப் பார்த்ததும் சுருக்கென்று குத்தியது. ஒன்பது வருஷம்!

ஜூலை 3, புதன்

லேபில் அவள் என்னோடு பேசுவது வேலையைப் பற்றி மட்டும். "மேடம்" என்கிறாள். கிடங்குக்காரரே நெளிகிறார்.

ஜூலை 30, செவ்வாய்

இந்த மாதம் பதினாறு மாதிரி துடைத்தேன். எல்லாம் எண் ஒட்டி வந்தவை. கிடங்குக்காரர் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முதல் வாரம் அவமானமாக இருந்தது. இப்போது என்னவோ துடைக்கும்போது மனசு லேசாக இருக்கிறது. எது யாருடையது என்று தெரியாவிட்டால் கல் வெறும் கல்தான். என் கை மறுபடியும் சரியாக நிற்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

மழை. பேருந்துக்குப் போகும் வழியில் நடைபாதை மேல் நடந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். நல்ல வேலை. எங்கேயும் உதிரவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

புது இடிபாடு வந்திருக்கிறது, ஏதோ பழைய பள்ளிக் கட்டடம். மதியம் நான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் ஊறிய ஜல்லி வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். மூச்சு வாங்கியது. வாளியில் எண் இல்லை.

"இது என்னோடது அண்ணி. துடைச்சுக் குடுங்க" என்றாள்.

அண்ணி என்று கேட்டு நான்கு மாதம் ஆகிறது. முதலில் அதுதான் காதில் விழுந்தது. எண் விஷயம் பிறகுதான் உறைத்தது.

"எண் ஒட்டலையே."

"ஒட்டலை. வேணும்னுதான் ஒட்டலை."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் கரித்தது. வாங்கி அப்படியே துண்டில் கொட்டிவிடலாம் என்றுதான் இருந்தது. அவள் கொடுப்பது எவ்வளவு பெரியது என்று தெரியாதா எனக்கு? ஆனால் வாளியைப் பார்த்ததும் உள்ளே என்ன ஓடியது என்றும் எனக்குத் தெரியும். இந்த முறையும் நாலரைக்குக் கீழே வந்துவிடுமோ என்று ஓடியது. ஒரு நொடிதான். ஓடத்தான் செய்தது.

"கிடங்குக்காரர்கிட்ட எடுத்துட்டுப் போ" என்றேன். "வேற ரெண்டு வாளியோட சேர்த்து வச்சு எண் ஒட்டி அனுப்பச் சொல்லு. இல்லன்னா தொட மாட்டேன்."

"நான் நம்புறேன்னு சொல்ல வந்தா..."

"நீ நம்பு. நான் இன்னும் நம்பலை."

அவள் சிரித்துவிட்டாள். "இவ்வளவு கனத்தை மாடி ஏத்திக் கொண்டுவந்தேன், திரும்பத் தூக்கணுமா?" என்று அலுத்துக்கொண்டாள். வாளியின் ஒரு பக்கப் பிடியை நான் பிடித்தேன், மறுபக்கத்தை அவள் பிடித்தாள். தண்ணீர் தளும்பி என் காலில் கொட்டியது. கிடங்கு வரைக்கும் அவள் உடுப்பிலிருந்த அமோனியா நாற்றம் கூடவே வந்தது. வாசலில் வாளியை வைத்துவிட்டு நான் மட்டும் திரும்பி வந்துவிட்டேன், எண் ஒட்டுவதைப் பார்க்கக் கூடாது என்று.

நாளைக் காலையில் துடைப்பு. மூன்று துண்டு எடுத்து வைத்திருக்கிறேன், நூல் இல்லாதவை.